அசையாத மலை

நெதர்லாந்து,
12.02.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்குக் குறையில்லை. இங்கே குளிர் கடுமைதான். ஆனால் உடப்புசல்லாவைக் குளிரில் வளர்ந்தவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

போனில் நான் எதைக் கேட்டாலும் நீங்கள் "ம்", "சரி" என்று முடித்துவிடுவதைக் கோபம் என்று நினைத்திருந்தேன். அண்ணிதான் விஷயத்தைச் சொன்னார்கள். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் லயத்து வரிசை வீட்டுச் சுவர் வெடித்து, உங்களை எல்லாம் கீழே பழைய தேயிலை ஸ்டோருக்கு இறக்கியதிலிருந்து, சேலையைத் தடுப்பாகக் கட்டித்தானே அத்தனை குடும்பமும் இருக்கிறது. ஒருவர் பேசினால் மறுகோடிவரை கேட்குமாம். ஆகவே நாம் இனிக் கடிதம் எழுதிக்கொள்வோம். நீங்கள் படிப்பிக்கும் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம் தோட்டத்து மலை சரியக்கூடும் என்று 2018இல் எழுதினேனே, அந்தக் கட்டுரையை இதுவரை இருநூறு பேருக்கு மேல் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதனால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் முன்பு கேட்டீர்கள். மாலையில் கொழுந்து நிறுத்து, அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடுகிறார்களே, அப்படித்தான் இங்கே எங்களை நிறுக்கிறார்கள். எத்தனை கட்டுரை எழுதினாய், அதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள் என்பதுதான் நிறை. அடுத்த வருடம் ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் இன்னொரு நல்ல கட்டுரை வந்தால் வேலையை நிரந்தரமாக்கப் பார்க்கலாம் என்று துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

மேற்கோளில் அப்பாவின் பெயரைத்தான் முதலில் போடுகிறார்கள். "கந்தப்பன், பி." பெருவிலும் சீனாவிலும் யார் யாரோ அப்பாவின் பெயரை எழுதுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அவர் மலை ஏறுவதுதான் நினைவுக்கு வருகிறது.

என் கூட்டாளி தனுஜாவின் மூச்சிழுப்பு எப்படி இருக்கிறது? அவளுக்கென்று போன் இல்லை. நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
பிரியந்தி


ஹெல்மோர் தோட்டப் பாடசாலை,
உடப்புசல்லாவை,
09.03.2023

அன்புத் தங்கச்சி பிரியந்திக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் இருக்கிறோம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

உன் செய்தியைவிடப் பெரிய செய்தி என்னிடம் இருக்கிறது. போன வாரம் தோட்டத் தலைவர் இராமையா மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போய்வந்தார். ரோட்டோரத்தில், பாடசாலைக்குக் கீழே கிடக்கும் தேயிலைத் துண்டை மேல் கணக்குக் குடும்பங்களுக்கு வீடு கட்டக் கொடுக்கப்போகிறார்களாம். ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம்; அவரவர் பெயருக்கு. மேல் கணக்கு மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்பதற்கு உன் கட்டுரையைத்தான் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். தலைவர் அதன் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்து ஸ்டோர் வாசலில் நின்று எல்லாருக்கும் காட்டினார். "நம்ம கந்தப்பன் மக எழுதுனது. இது இல்லேன்னா இன்னும் நூறு வருசத்துக்கு லயம்தான்" என்றார். அப்பா இருந்திருக்க வேண்டும்.

ஸ்டோரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடைக்குப் பக்கம் என்பதால் நிலம் காய்வதே இல்லை. உடைந்த கண்ணாடிகளுக்குப் பலகை அடித்தும் பனிப்புகை உள்ளே வருகிறது. ஆனால் வீடு வருகிறது என்ற பிறகு யாரும் முணுமுணுப்பதில்லை.

தனுஜாவுக்கு இழுப்பு விட்டு விட்டு வருகிறது. புருஷன் செல்லசாமி அவளுக்கென்று பழைய அடுப்புக்குப் பக்கமாக இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறான். உன் கடிதம் வந்ததென்றதும் அவள் சொன்னாள்: "அண்ணே, வீடு கட்டி முடிச்சதும் அவ கட்டாயம் வரணும்னு எழுதுங்க. மொத ராத்திரி அவ என் வீட்டுலதான் தங்கணும்."

எழுதிவிட்டேன்.

அண்ணன்,
நிரஞ்சன்


நெதர்லாந்து,
23.04.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

புது வருடம் எல்லாருக்கும் சுகத்தைக் கொண்டுவரட்டும். நான் இங்கே தனியாகப் பாற்சோறு பொங்கி, அடிப்பிடிக்கவிட்டு, அதையே சாப்பிட்டேன்.

இதை ஆறுதலாக உட்கார்ந்து படியுங்கள். ஒரு வருடமாக நம் மலையைச் செயற்கைக்கோள் ராடார் படங்களை வைத்து அளந்துகொண்டிருந்தேன். தேயிலைச் செடி அதில் சரியாகத் தெரியாது. லயத்துத் தகரக் கூரைகள் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு கூரையும் வருடத்துக்கு வருடம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று நகக்கண் அளவுக்குச் சொல்லிவிடலாம். பல வருடப் படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். நம்பாமல் இன்னொருவரையும் பார்க்கச் சொன்னேன்.

மலை அசையவில்லை அண்ணா. அத்தனை மழையிலும் அப்படியே நிற்கிறது. தனுஜாவின் ஒற்றை அறைக் காம்பரா இருக்கும் கடைசி லயத்தின் ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கிறது. பின்னால் ஓடும் வடிகால் கான் அடைபட்டு, மழைத் தண்ணீர் அத்திவாரத்துக்குள் போயிருக்கிறது. சுவர் வெடித்தது அதனால்தான். 2018இல் என்னிடம் இருந்தது ஒரு மழைக்காலத்து அளவுகள் மட்டும். ஆபத்து என்று சொல்வதே அன்றைக்குப் பொறுப்பாகப் பட்டது. இப்போது கையில் இருப்பது அதைவிட உறுதியான சான்று.

கானைத் துப்புரவாக்கி அந்த மூலையைக் கட்டினால் எல்லாரும் மேலே போய்விடலாம். ஈரத்தில் கிடக்க வேண்டியதில்லை. எழுதி முடித்துவிட்டேன், அடுத்த மாதம் சஞ்சிகைக்கு அனுப்புகிறேன். இதுவரை நான் செய்ததில் இதுதான் நல்ல வேலை என்று துறைத் தலைவரும் சொல்கிறார். இது வந்தால் எனக்கும் ஒரு வழி பிறந்துவிடும்.

எல்லாரிடமும் சொல்லுங்கள். தனுஜாவிடம் முதலில் சொல்லுங்கள்.

தங்கை,
பிரியந்தி


உடப்புசல்லாவை,
20.05.2023

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம்தானே? இங்கு மழை தொடங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை.

உன் கடிதத்தைப் பாடசாலையில் வைத்தே படித்தேன். ஸ்டோருக்குக் கொண்டுபோகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. உன் அண்ணியிடம்கூட.

மேலே போய்விடலாம் என்று எழுதியிருக்கிறாய். எங்கே? நீயும் நானும் அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் ஒரு காம்பராவுக்குள் கால் நீட்ட முடியாமல் கிடந்தோமே, அங்கேதானே? அந்தச் சுவரில் ஆணி அடிக்கக்கூட தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்க வேண்டும். இத்தனை காலம் எத்தனை பேர் மனுக் கொடுத்தார்கள், எத்தனை தேர்தல் வந்து போனது. எதற்கும் அசையாதவர்கள் ஆபத்து என்ற ஒரு சொல்லுக்கு அசைந்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நீதான் எழுதினாய். அதை நீயே எடுத்துவிட்டால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே சொல்லிவிடுவார்கள், மலை நல்ல மலை, லயத்துக்குப் போங்கள் என்று. ரோட்டோரக் காணி திரும்பவும் தேயிலைக்குப் போய்விடும்.

போன ஞாயிறு காணியில் கயிறு பிடித்து எல்லை போட்டார்கள். செல்லசாமி தன் துண்டின் நடுவில் போய் நின்றுகொண்டு வெகுநேரம் வரவில்லை. நான் கூப்பிட்டதற்கு, "சும்மா நிக்கிறேன் சேர். நம்ம எடத்துல நின்னு பாக்குறேன்" என்றான்.

பொய் எழுதச் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு தைரியமும் இல்லை. கொஞ்சம் பொறுத்துச் சொல் என்கிறேன். சுவர் எழும்பிக் கூரை ஏறட்டும். கட்டிய வீட்டை யாரும் இடித்துக்கொண்டு போகமாட்டார்கள். மலை எப்படியும் அசையப்போவதில்லை என்றுதானே சொல்கிறாய்? பிறகு என்ன அவசரம்?

உன் வேலையை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அண்ணன்,
நிரஞ்சன்


நெதர்லாந்து,
30.07.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னியுங்கள். தொடங்கித் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. அறிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதும் பொய்தான் என்று எழுதிக் கிழித்தேன். பிறகு செல்லசாமி அண்ணன் காணியில் நின்றதை நினைத்தேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

கட்டுரை ஏன் போகவில்லை என்று துறைத் தலைவர் கேட்டார். கணக்குகளைத் திரும்பப் பார்க்கிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். "நீ மேசைக்குள் வைத்திருக்கிற கட்டுரையை என்னால் நியமனக் குழுவின் முன் வைக்க முடியாது பிரியந்தி. வேறு யாராவது இதே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

வருடக் கடைசிவரை வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று. உங்களுக்கெல்லாம் அந்த ஈரம் வெறும் சிரமம். தனுஜாவுக்கு அப்படி இல்லை. அவளும் செல்லசாமி அண்ணனும் குழந்தையும் சத்தமில்லாமல் லயத்துக்குப் போய் இருக்கட்டும். நல்ல பக்கத்துக் காம்பராக்கள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன. தனுஜாவிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். அவள் எனக்காக எதையும் யாரிடமும் சொல்லமாட்டாள்.

இதை நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் கட்டுரையை நிறுத்துகிறேன்.

பிரியந்தி


உடப்புசல்லாவை,
17.09.2023

அன்புத் தங்கச்சிக்கு,

உன் முடிவைப் படித்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். உனக்கு ஒரு குறையும் வராது. நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

அத்திவாரம் எல்லா வீடுகளுக்கும் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் எல்லாரும் போய்க் கல் சுமக்கிறார்கள். உன் அண்ணி சமைக்கிற குசினி எந்தப் பக்கம் என்று என்னோடு சண்டை பிடிக்கிறாள். அத்திவாரம் போட்ட பிறகு!

தனுஜாவிடம் சொல்லவில்லை. நீ கோபிப்பாய். ஒரு குடும்பம் மேலே ஏறினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி தலைவர்வரை போகும், அங்கிருந்து தோட்ட ஆபீசுக்குப் போகும். இன்னும் கொஞ்சக் காலம்தான். மழைக்கு முன் சுவர் எழும்பிவிடும் என்கிறார்கள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கூட்டாளி எனக்கும் தங்கச்சி மாதிரிதான்.

அண்ணன்,
நிரஞ்சன்


நெதர்லாந்து,
14.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாருக்கும் என் பொங்கல் வாழ்த்துகள். செப்டம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் எடுத்தாலும் அண்ணி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். யாருக்காவது சுகமில்லையா?

மழை அந்தப் பக்கம் பலம் என்று செய்தியில் பார்த்தேன். வீடுகள் எந்த மட்டில் இருக்கின்றன? கொழும்புக்கு வந்த ஒருவரிடம் தனுஜாவுக்கு ஊதும் மருந்து கொடுத்தனுப்பினேன். தபாலில் போட்டதாகச் சொன்னார். கிடைத்ததா? அவளுக்கு எப்படி இருக்கிறது? குழந்தை முன்பள்ளிக்குப் போகிறாளா?

சொன்ன தவணை முடிந்துவிட்டது. கட்டுரை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். எனக்கு ஆகஸ்ட் கிட்டத்தில் வந்துகொண்டிருக்கிறது.

பிரியந்தி


உடப்புசல்லாவை,
18.02.2024

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்தும் வந்து சேர்ந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சில வீடுகளுக்குச் சன்னல் மட்டம்வரை சுவர் வந்திருக்கிறது. மழையால் வேலை நின்றது. சித்திரைக்குப் பிறகு தொடங்குவார்கள். அதுவரை பொறு.

நிரஞ்சன்


உடப்புசல்லாவை,
12.05.2024

பிரியந்திக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் கூட்டம் வைத்தார்கள். மேல் கணக்கு மலை உறுதியான மலை என்று வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரை வந்திருக்கிறதாம். சுவர் வெடித்தது கான் அடைபட்டதால்தானாம். வீட்டு வேலை நிறுத்தம். ஸ்டோரைக் காலி பண்ணிவிட்டு லயத்துக்குத் திரும்ப வேண்டும். துரை அந்தத் தாள்களை மேசையில் போட்டார். தலைவர் புரட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. கந்தப்பன், பி.

"ஒங்க தங்கச்சிதானே சேர்?" என்று கேட்டார். வெளியே வந்தபோது பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

சித்திரைக்குப் பிறகு என்று எழுதினேனே. இன்னும் சில மாதம் உன்னால் பொறுக்க முடியவில்லையா? உன் ஆகஸ்ட் வந்துவிட்டதா? இனி உன் பெயரை இன்னும் எத்தனை பேர் எழுதுவார்கள்? சந்தோஷமாக இரு.

ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தனுஜா மார்கழியில் செத்துப்போனாள். உன் மருந்து அதற்குப் பிறகுதான் வந்தது.

நிரஞ்சன்


உடப்புசல்லாவை,
25.08.2024

அன்புத் தங்கச்சி பிரியந்திக்கு,

நீ எந்த நிலையில் இருக்கிறாய் என்று தெரியாமல் எழுதுகிறேன். போன் எடுக்கிறாய் இல்லை. அண்ணியிடம் மட்டும் "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி போட்டிருக்கிறாய்.

என்னிடம் படித்த கேஷிகா இப்போது பேராதனையில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் அந்தக் கட்டுரையைக் காட்டினேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது பிரியந்தி அக்கா எழுதுனது இல்ல சேர். வேற நாட்டு ஆளுங்க எழுதுனது. அக்கா முன்ன எழுதுனது சரியில்லன்னு சொல்றதுக்காகக் கடைசில அவங்க பேரப் போட்டிருக்காங்க" என்றாள். தமிழ் வாத்தியார் நான். மேற்கோள் என்றால் என்னவென்று முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய். ஆனாலும் அப்பாவின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

நீ கடைசிவரை வைத்திருந்திருக்கிறாய். நான் எழுதியதற்கு ஒரு வரி மறுப்பும் எழுதவில்லை. உன் வேலை என்னவானது என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

தனுஜாவைப் பற்றி நீ அறிய வேண்டும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணியைத் தடுத்ததும் நான்தான். ஐப்பசியில் ஒரு நாள் அவள் பாடசாலைக்கு வந்தாள். "அண்ணே, பகல்ல மட்டுமாவது லயத்துக்குப் போய் இருந்துட்டு வரட்டா? அங்கிட்டு போனா மூச்சு விட முடியுது" என்று கேட்டாள். உன் கடிதம் அப்போது என் மேசையில் இருந்தது. "வேணாம்மா, மலை ஆபத்து" என்று சொல்லி அனுப்பினேன். சரிங்க அண்ணே என்று போனாள். மார்கழி மழையில் பாதை உடைந்து வாகனம் வரவில்லை. செல்லசாமியும் நானும் இன்னும் சிலரும் சாக்கில் கட்டித் தார் ரோடுவரை தூக்கிக்கொண்டு போனோம். மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றினோம். நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. தலைமாட்டில் நான்தான் இருந்தேன்.

மற்றவர்கள் எல்லாரும் லயத்துக்குத் திரும்பிவிட்டோம். கான் வெட்டி மூலையையும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செல்லசாமி மட்டும் வரவில்லை. மகளோடு ஸ்டோரிலேயே இருக்கிறான். அந்தக் கட்டுரையை நீ எழுதினாய் என்று அவன் ஒருநாளும் நம்பவில்லை. "எவனோ எழுதுனத நம்பி நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு ஏற மாட்டேன். போகக் கூடாதுன்னு பிரியந்தி சொல்லிருக்கு. அது போன்னு சொல்லட்டும், போறேன்" என்கிறான். நான் சொல்லிப் பார்த்தேன். எந்த வாயால் வற்புறுத்துவது?

தீபாவளிக்குப் பிறகு நடக்கும் கோயில் கூட்டத்தில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து, அந்தக் கட்டுரை நீ எழுதியதல்ல என்று சொல்லப்போகிறேன். நீ எங்களுக்காக வாய் மூடி இருந்தாய் என்றும் சொல்வேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு வரி எழுது.

அண்ணன்,
நிரஞ்சன்


நெதர்லாந்து,
06.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போட்ட உங்கள் கடிதம் சுற்றிக்கொண்டு வந்து போன வாரம்தான் கிடைத்தது. நான் இப்போது அங்கே இல்லை. கடலோரக் கரைகளுக்கு மண் பரிசோதிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். வேலை மோசமில்லை.

மே மாதக் கடிதத்துக்குப் பிறகு என்னால் எதையும் எழுத முடியவில்லை. நீங்கள் திட்டியதால் இல்லை. கடைசி வரிக்கு மேலே என் கண் போகவே இல்லை. தனுஜா இறந்தபின் நான் பொங்கல் வாழ்த்து எழுதியிருக்கிறேன். மருந்து கிடைத்ததா என்று கேட்டிருக்கிறேன்.

என் வேலையை நினைத்து நீங்கள் வருந்த வேண்டாம். கட்டுரையை நிறுத்தியது நான். நீங்கள் கேட்டீர்கள்; முடிவு என்னுடையது. தனுஜாவிடம் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதிய அன்றே அதை நான் அனுப்பியிருக்கலாம். வீடு வரும், அவள் ரோட்டோரத்தில் இருப்பாள் என்று நானும் ஆசைப்பட்டேன். இந்த வருடம் என் பழைய கட்டுரையை முன்னெப்போதையும்விட அதிகம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தப்பென்று சொல்லவும் பெயரைப் போடத்தானே வேண்டும். எண்ணுகிற இயந்திரம் அதையும் கூட்டிக்கொண்டே போகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அண்ணியிடம் நம்பர் வாங்கி, செல்லசாமி அண்ணனின் போனுக்கு எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அழுதார். நான் தனுஜாவின் பெயரைச் சொல்லத் தொடங்கியதும் அவரே என்னைத் தேற்றினார்.

"அதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க? சின்னதுலேர்ந்து அவளுக்கு இழுப்புதானே. நீங்க மட்டும் அன்னைக்கு எழுதலேன்னா நாங்க மூணு பேருமே மண்ணுக்குள்ள போயிருப்போம். எம் மக இன்னைக்கு உசுரோட இருக்குதுன்னா ஒங்களாலதான்."

உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன், கடைசியில் குழந்தையைத்தான் விசாரித்தேன். பக்கத்தில் குழந்தை இருமிக்கொண்டிருந்தாள். தனுஜா சின்ன வயதில் இருமுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. அதே இருமல்தான்.

மேலே போங்கள் என்று நான் போனில் சொன்னால் அவர் போய்விடுவார். ஏன், எப்போது தெரியும் என்று கேட்கவும் மாட்டார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைக்க என்னால் முடியாது. அந்த மலை ஆபத்தில்லை என்று தனுஜா உயிரோடு இருந்தபோதே எனக்குத் தெரியும். அதை அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு அவர் என்னை என்ன செய்தாலும் சரி.

ஆகவே கோயில் கூட்டத்தில் எனக்காக எதுவும் பேசாதீர்கள். அவர் அதை ஊர் வாயால் கேட்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்; ஆனால் எனக்குப் பிறகு.

இந்த மாதக் கடைசியில் வருகிறேன். மழை தொடங்குமுன் குழந்தையை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டு மாத லீவு கேட்டேன், ஒன்றுதான் கிடைத்தது. கொழும்பிலிருந்து ரயிலில் நானு ஓயாவுக்கு வந்து, நுவரெலியாவில் பஸ் மாறிக்கொள்வேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அண்ணி எனக்கென்று சமைக்கவும் வேண்டாம். நான் முதலில் வீட்டுக்கு வரமாட்டேன். நேரே ஸ்டோருக்குப் போகிறேன்.

தங்கை,
பிரியந்தி